முத்திரைக்காரர்களுக்கு முதல் திருநீறு

"2017, தைப்பூசம் கழிந்த செவ்வாய். கிள்ளான். ஆண், 36. இடது கழுத்தின் கீழ்ப்பக்கம் பிறவித் துளை, சீழ். கூட வந்தவர் தங்கை. தங்கைக்குத் துளை இல்லையாம். அதைக் கோபமாகச் சொன்னார்."

என் பழைய டைரியில் இருக்கும் குறிப்பு இது. நோயாளிகளின் பெயர்களை நான் எழுதி வைப்பதில்லை. நாள், வயது, பார்த்தது, பார்த்ததில் என்னை யோசிக்க வைத்தது, அவ்வளவுதான். கீழே வரும் பெயர்கள் நான் வைத்தவை. இதை எழுதும்படி சொன்னவர் கோபமாகச் சொன்ன அந்தத் தங்கையேதான்.

நான் அல்ட்ராசவுண்ட் எடுப்பவள். பல வருடம் அரசாங்க மருத்துவமனையில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கிள்ளானில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் சேர்ந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். காலையில் கொமுட்டர் ரயிலில் ஏறினால் கிள்ளான் வரும்வரை ஏதாவது படிக்கலாம் என்பதற்காகவே அந்த வேலையை ஒப்புக்கொண்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. கழுத்து தனியாக வருவதில்லை

வயிற்றை ஸ்கேன் செய்யப் பழகியவர்கள் கழுத்துக்கு வந்ததும் திணறுவார்கள். அத்தனை நெரிசல். உள்ளங்கை அகலத்துக்குள் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைராய்டு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய், நெறிகட்டும் முடிச்சுகள் எல்லாம் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு கட்டி வந்தால் அது யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டையிலேயே ஒரு கட்டி வளரும். மிக அபூர்வம், ஆனால் தெரியாமல் ஊசி போட்டால் ரத்தம் பீறிடும். இன்னொன்று, பிறக்கும்போதே கூட வருவது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

தாயின் வயிற்றில் சில வாரமே ஆன கருவுக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும். மீனுக்கு அவை செவுளாகின்றன. நமக்கு அதே மேடுகள் தாடை, காது, தொண்டை என்று வேறு வேறு உருவம் எடுக்கின்றன. நடுவில் உள்ள பள்ளங்கள் மூடி மறைய வேண்டும். ஏதாவது ஒன்று சரியாக மூடாவிட்டால், பிறந்த குழந்தையின் கழுத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். வெளியே துளை இல்லாமல் உள்ளே மட்டும் பை மிஞ்சினால், அதில் நீர் கோத்துப் பிற்காலத்தில் கட்டியாகத் தெரியும். இவற்றுக்கு பிராங்கியல் சைனஸ், பிராங்கியல் சிஸ்ட் என்று பெயர். பிராங்கியல் என்றால் செவுளைச் சேர்ந்தது. முதல் முறை இதைப் படித்த அன்று இரவு கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தை நானே தடவிப் பார்த்தேன்.

எங்கள் நிலையத்தின் ரேடியாலஜிஸ்ட் டாக்டர் சாரதா. நான் எடுக்கும் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் அவர்தான். அவரிடம் ஒரு வழக்கம். கழுத்துக் கேஸ் எது வந்தாலும் தன் அறையிலிருந்து எழுந்து வந்து ஆளைப் பார்ப்பார். அதற்கு ஒரு காரணம் உண்டு. கம்போங் மேடானிலிருந்து ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கழுத்துக் கட்டியோடு வந்தார். திரையில் கட்டிக்குள் சுத்தமான நீர்தான் தெரிந்தது. அனுப்பிய கிளினிக்கும் பிராங்கியல் சிஸ்ட் என்றே எழுதியிருந்தது. "நாற்பது வயசுக்கு மேல திடீர்னு வர்ற நீர்க்கட்டிய நான் நம்பமாட்டேன்" என்று டாக்டர் சாரதா ஊசிப் பரிசோதனைக்கும் தொண்டைப் பரிசோதனைக்கும் எழுதினார். டான்சிலில் புற்றுநோய் இருந்தது. அதன் ஒரு துளி கழுத்து முடிச்சில் வந்து தங்கி, கரைந்து நீராகிச் சிஸ்ட் போலக் காட்டியிருக்கிறது. அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

அதன் பிறகு டாக்டர் எங்களிடம் அடிக்கடி சொல்வது இது: "கழுத்து தனியா கொமுட்டர் ஏறி வரலைலா. ஆளும் கூடத்தான் வந்திருக்கான். ஆளக் கேளுங்க."

2. தவிட்டுக்கு வாங்கியவள்

குணா துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்து, கழுத்தில் பெரிய பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கூட வந்த தங்கை கமலா, கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். இருவரும் அறைக்குள் நுழையும்போதே சண்டை போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

"என்ன தம்பி, கழுத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

குணா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தங்கைதான் பதில் சொன்னார். "வலது பக்கமா வந்து கேளுங்க அக்கா. இடது காதுல இடி விழுந்தாலும் கேக்காது."

"ஏய், வாய மூடு. ஃபோர்க்லிஃப்ட் சத்தம்லா அக்கா. பள்ளிக்கூடம் முடிச்சதுலேர்ந்து அதுலதான் உக்காந்திருக்கேன்."

"பள்ளிக்கூடத்துலயே கேக்காது. அதனாலதான் முடிச்சான்."

பிளாஸ்டரைப் பிரித்தேன். காறை எலும்புக்குச் சற்று மேலே, கழுத்துத் தசையின் முன் ஓரத்தில், சிவந்து வீங்கிய இடத்தின் நடுவே சின்னத் துளை. சீழ் கசிந்தது.

"பால்குடம் எடுத்தேன். வெயில்ல நடந்து, சந்தனத்த அப்பிக்கிட்டு, வேர்த்து ஊத்தி... மறுநாளே வீங்கிருச்சு" என்றார் குணா.

"இந்த ஓட்டை எப்பலேர்ந்து இருக்கு?"

அவர் பாதி எழுந்துவிட்டார். "ஓட்டைன்னு சொல்லாதீங்க அக்கா. முத்திரை. முனியாண்டி விரல் வச்ச எடம். எங்கப்பாவுக்கு இருந்துச்சு. எங்கண்ணனுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு."

"முனியாண்டிக்கு எப்பவும் ஜலதோஷம் அக்கா" என்றார் கமலா. "சளி மாதிரி ஒழுகிக்கிட்டே இருக்கும். சட்டைக் காலர் பூரா கறை. தொவைக்கிறது நாங்க."

"இவளுக்குப் பொறாமை. இவளுக்கு முத்திரை இல்ல. தவிட்டுக்கு வாங்குனது."

"இதச் சொல்லிச் சொல்லியே வளத்தாங்க" என்றார் கமலா என்னிடம். சிரிக்கவில்லை.

ஜெல்லைத் தடவி ஸ்கேன் செய்துகொண்டே பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் குடும்பத்தில் ஒவ்வோர் ஆடி மாதமும் ஜெஞ்சாரோமில் குலதெய்வப் பூசை நடக்கும். முத்திரை உள்ளவர்களுக்குத்தான் முதல் திருநீறு, முதல் இலை. மற்றவர்கள் எத்தனை மூத்தவர்களாக இருந்தாலும் பிறகுதான். குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்கும் முன்பே கழுத்தைப் பார்ப்பார்களாம்.

திரையில் துளையிலிருந்து ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மேலே போனது. தோலுக்கு அடியில் ஏறி, ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு நடுவே நுழைந்து, தாடைக்கு அடியில் மறைந்தது. இரண்டாம் செவுள் பள்ளத்தின் மிச்சம் புத்தகத்தில் போட்டிருப்பதுபோலவே இப்படித்தான் போகும். டான்சில் வரைக்கும்கூடப் போய்ச் சேரலாம். பிறக்கும் முன்பே மூடியிருக்க வேண்டிய பாதை ஒன்றை முப்பத்தாறு வயது ஆளிடம் பார்க்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும். எனக்கு அது இன்னும் போகவில்லை.

"சீக்கிரம் க்ளீன் பண்ணிடுவாங்களா அக்கா?" என்று குணா கேட்டார். "இந்தச் சீழு காயாம ஆஸ்பத்திரில டெஸ்ட்ட ஆரம்பிக்க மாட்டேங்கறாங்க."

"என்ன டெஸ்ட்?"

"அண்ணனுக்குக் கிட்னி குடுக்கப் போறேன். டயாலிசிஸ்ல இருக்காரு. ரத்தம் எடுக்குற நரம்பெல்லாம் ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டு வருது. இனி ரொம்ப நாள் மிஷின வச்சு ஓட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் பால்குடமே."

"வீட்டுல வேற யாரும் முன்வரலையா?"

"முத்திரை உள்ளவன்தான் குடுக்கணும் அக்கா. அண்ணன் ஒடம்பும் என் ஒடம்பும் ஒண்ணு. சாமியே அடையாளம் போட்டுக் குடுத்திருக்கு. வேற எவன் கிட்னி சேரும்?"

"நானும் அதே வயித்துலதான் பொறந்தேன்" என்றார் கமலா. அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

3. இருக்க வேண்டிய இடத்தில்

டாக்டர் சாரதா உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல ஆளைப் பார்க்கத் தொடங்கினார். வலது கழுத்தில் விரலால் தடவி, அம்மைத் தழும்புபோல ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டினார். காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் ஊசி முனை அளவுக்குத் துளை.

"காது குத்துனப்ப தப்பாப் பட்டதா?"

"இல்ல டாக்டர், அதும் பொறந்ததுலேர்ந்து. அண்ணனுக்கும் இருக்கு."

"அண்ணனுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

"மிஷின் வச்சிருக்காரு. சின்ன வயசுலேர்ந்தே மந்தம்."

"அவரும் ஃபோர்க்லிஃப்டா?"

"இல்லியே. பள்ளிக்கூடத்துல கிராணி." அலுவலக எழுத்தரைத்தான் அப்படிச் சொன்னார்.

"அண்ணனுக்கு இனிப்பு நீரு உண்டா?" என்று சர்க்கரை நோயைக் கேட்டார்.

"இல்ல. பிரஷர்னாலதான் கிட்னி போச்சுன்னு சொன்னாங்க."

"அவரு கழுத்துல இருக்குறத அங்க யாருகிட்டயாவது காட்டினாரா?"

குணாவுக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "சாமி விஷயத்தப் போய் டாக்டர்கிட்ட ஏன் காட்டணும்? எப்பவும் காலர் பொத்தான் போட்டுத்தான் போவாரு. நானே சீழு புடிக்கலன்னா வந்திருக்க மாட்டேன்."

டாக்டர் சாரதா ஒரு ஸ்டூலை இழுத்து வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, கிளினிக் அனுப்புன பாரத்துல கழுத்து மட்டும்தான் எழுதியிருக்கு. ஆனா உங்க கிட்னியையும் ஒருதரம் பாத்துடட்டுமா? தங்கச்சி வெளிய இருக்கட்டுமா, உள்ளயே இருக்கலாமா?"

"பாருங்க. அவ இருக்கட்டும். எப்படியும் எங்கிட்டேர்ந்து புடுங்கிடுவா."

வலது விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியின் ப்ரோபை வைத்தேன். கல்லீரலுக்கு அடியில் சிறுநீரகம் இருந்தது. சிறியது. அவர் உடம்புக்கு இருக்க வேண்டிய அளவு இல்லை, ஓரமும் சீராக இல்லை. வலது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, இடது சிறுநீரகத்தைத் தேடினேன். மண்ணீரலைத் தாண்டி அது இருக்க வேண்டிய இடத்தில் குடல்தான் இருந்தது. சில பேருக்கு இடம் மாறி அடிவயிற்றில் இருக்கும். அங்கேயும் தேடினேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி தேடினேன். டாக்டர் ப்ரோபை வாங்கி அவரும் தேடினார்.

"என்ன தேடுறீங்க?" என்றார் குணா.

"உங்க இடது கிட்னிய."

"குடலுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும்லா."

"அங்கயும் பாத்தாச்சு தம்பி. சி.டி. எடுத்தா உறுதியாச் சொல்லலாம். ஆனா எனக்கு அங்க இருக்குற மாதிரித் தெரியல. வலது ஒண்ணுதான். அதும் சின்னது. அத நீங்க யாருக்கும் குடுக்க முடியாது. நீங்களே பத்திரமா வச்சுக்கணும்."

குணா எழுந்து உட்கார்ந்தார். வயிற்றில் ஜெல் வழிந்தது. "நான் வாக்குக் குடுத்துட்டேன் டாக்டர். பத்துமலை முருகன்கிட்ட. இப்ப அண்ணன்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? என்கிட்ட இல்லைன்னா?"

கமலா மேசையிலிருந்து டிஷ்யூவை எடுத்து அண்ணனின் வயிற்றைத் துடைத்துவிட்டார். அவர் தடுக்கவில்லை.

டாக்டர் சாரதா இருவருக்கும் பொதுவாக விளக்கினார். நோயின் பெயர் பிராங்கியோ ஓட்டோ ரீனல். கழுத்து, காது, சிறுநீரகம் மூன்றும் சேர்ந்தது. அபூர்வம். குடும்பத்தில் இறங்கி வரும். "ஆரம்பத்துல இந்த மூணு எடத்துக்கும் ஒரே கான்ட்ராக்டர்தான்னு வச்சுக்குங்க. அவன் ஒரு எடத்துல வேலைய அரைகுறையா விட்டிருந்தா, மத்த எடத்தயும் போய்ப் பாத்துடணும். உங்கப்பாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் அதே கான்ட்ராக்டர் போல."

குணா கழுத்துத் துளைமேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார். "அப்போ இது முத்திரை இல்லியா?"

"அத நான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "இது எதோட சேந்து வருதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

"நான் ஒருத்தி இருக்கேன்" என்றார் கமலா.

"நீ சும்மா இரு. உனக்குத்தான் முத்திரையே இல்லியே."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவருக்கே புரிந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் சாரதா அவசரப்படவில்லை. "வெளிய முத்திரை இல்லைங்கறதால உள்ள எதுவும் இல்லைன்னு முடிவு கட்ட முடியாதும்மா. சில பேருக்கு வெளிய எதுவுமே தெரியாது. ரத்தத்துலதான் பாக்கணும்" என்று மரபணு கிளினிக்குக்கும் அண்ணனின் சிறுநீரக டாக்டருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அண்ணனின் டாக்டர் மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னாராம். காலர் பொத்தானைத் திறக்கச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

4. ஜெஞ்சாரோம், ஆடி ஞாயிறு

மரபணு கிளினிக்கில் முதலில் கேட்டது குடும்ப மரம். யாருக்குத் துளை, யாருக்குக் காது மந்தம், யார் எதனால் இறந்தார்கள் என்று மூன்று தலைமுறைக்கு வேண்டும். கமலா எனக்கு ஃபோன் செய்தார். "அக்கா, பூசைக்கு எல்லாரும் வருவாங்க. நான் கேட்டா தொரத்திடுவாங்க. நீங்க வந்து கேட்டா வரிசைல நிப்பாங்க."

போனேன். கூப்பிட்டிருக்காவிட்டாலும் போவதற்கு ஒரு வழி தேடியிருப்பேன்.

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு தனி வீடு. பின்னால் தகரக் கூரை போட்ட சின்னக் கோவில். நான் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு எழுத ஆரம்பித்ததும், கமலா சொன்னதுபோலவே வரிசை நின்றது. ஒருவர் காலரை இறக்கினார். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினார். பாக்கியம் அத்தை, குணாவின் இறந்துபோன அப்பாவுக்குத் தங்கை, கொண்டையை ஒதுக்கிக் காதைக் காட்டி, "கழுத்துல இல்ல, காதுல மட்டும் இருக்கு. பாதி முத்திரைன்னு எழுதிக்கோ" என்றார். குணாவின் மகனுக்குக் காதில் துளை இருந்தது. அவனுக்கு ஏற்கனவே நானே ஸ்கேன் செய்திருந்தேன். இரண்டு சிறுநீரகமும் ஒழுங்காக இருந்தன. ஸ்கேன் எடுத்த அன்று குணா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பிறகு பூசை. டயாலிசிஸில் இருக்கும் அண்ணன் ராஜன்தான் முன்னால் நின்றார். மெலிந்த உடம்பு, ஆனால் குரல் பெரிது. காது மந்தமானவர்களுக்கு அப்படி ஆகிவிடும். ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையால் திருநீற்றுத் தட்டைத் தூக்கி, "முத்திரைக்காரங்க முன்னால வாங்க" என்றார். குணா தலை குனிந்து வந்து வாங்கிக்கொண்டார். பாதி முத்திரை அத்தை பின்னாலேயே போனார். வரிசை முடியும் நேரத்தில் கமலா வந்தார். கையை நீட்டவில்லை.

"அண்ணே, நான் டெஸ்ட் எடுத்துக்கறேன். ஒத்து வந்தா நான் குடுக்கறேன்."

"அதெல்லாம் இப்ப பேசாத."

"வேற எப்பப் பேசறது? ஃபோன எடுக்க மாட்டேங்கற."

"பொம்பளப் புள்ளைய அறுத்து நான் பொழைக்கணுமா? மாப்பிள்ள வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

பின்வரிசையிலிருந்து கமலாவின் கணவர் குரல் கொடுத்தார். "என்னைய இழுக்காதீங்க மச்சான். நான் வேணாம்னு சொன்னா மட்டும் இவ கேக்கவா போறா?"

சிலர் சிரித்தார்கள். ராஜன் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சாமி தொடாத ஒடம்பும்மா அது. ஒத்து வராது."

கமலாவின் முகம் மாறியது. "சாமி தொட்ட ஒடம்புதான் வாரத்துக்கு மூணு நாள் மிஷின்ல கெடக்குதுண்ணே. தொடாததுதான் நடமாடுது."

ராஜன் காது மிஷினைத் தட்டிப் பார்த்தார். "என்ன சொன்ன? எனக்குக் கேக்கல."

"கேட்டுச்சு. மிஷின்ல பச்ச லைட்டு எரியுது."

அவர் பதில் சொல்லாமல் திருநீற்றை எடுத்துத் தங்கையின் நெற்றியில் பூசிவிட்டு உள்ளே போனார். கடைசி ஆளாகத்தான் பூசினார். சாப்பிடும்போது கமலா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டுக்கறி காரமாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

5. யார் நிறைவேற்றினாலும்

ரத்தப் பரிசோதனைக்கு நிறைய மாதங்கள் ஆயின. ராஜனின் மரபணுவில் உள்ள மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதே மாற்றம் மற்றவர்களிடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதற்குள் ராஜனின் கையில் இருந்த டயாலிசிஸ் குழாய் அடைத்து, கழுத்து வழியாகக் குழாய் வைத்தார்கள். அதுவும் ஒருமுறை கிருமி பிடித்து அவர் படுத்த படுக்கையானார். இனி வழி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் தங்கையிடம் சரி என்று சொல்லவில்லை.

முடிவு வந்தது. ராஜனிடம் இருந்த மாற்றம் குணாவிடமும் இருந்தது. கமலாவிடம் இல்லை. அவருடைய இரண்டு சிறுநீரகமும் முழு அளவில், நன்றாக இருந்தன. ரத்த வகையும் ஒத்தது. மற்றப் பொருத்தங்களும் போதும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

ராஜனைச் சம்மதிக்க வைத்தது குணாதான். அதைக் கமலா எனக்குச் சொன்னார். மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குணா பேசினாராம்: "அண்ணே, முருகன்கிட்ட வாக்குக் குடுத்தது நான். என்னால முடியல. வீட்டுல ஒருத்தரு நேந்துக்கிட்டா இன்னொருத்தரு செலுத்தறது வழக்கம்தானே. அப்பா நேந்ததுக்கு நீ மொட்ட போடல? என் நேத்திக்கடன அவ செலுத்தட்டும். நீ வேணாம்னா எனக்குத்தான் கடன் நிக்கும்."

ராஜன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். திரும்பாமலே, "அவ மாப்பிள்ளைய வரச் சொல்லு. மொறையாக் கேக்கறேன்" என்றாராம்.

அறுவை சிகிச்சை 2018 கடைசியில் நடந்தது. இருவரும் நலம். குணாவின் கழுத்துத் துளையையும் அதற்குள் இ.என்.டி. பிரிவில் முழுப் பாதையோடு எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு மெல்லிய தழும்புதான் இருக்கிறது. வலி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்குவதை விட்டுவிட்டார். பிரஷரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார். ஒரு சிறிய சிறுநீரகத்தோடு இன்னும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ள மட்டும் பிடிவாதமாக மறுக்கிறார்.

2019 ஆடிப் பூசைக்கு மறுபடி போனேன். ராஜன் கொஞ்சம் சதை பிடித்திருந்தார். தட்டைத் தூக்கிப் பழையபடியே கூப்பிட்டார். "முத்திரைக்காரங்க முன்னால வாங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவர் கமலா. இடுப்பின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் இருக்குண்ணே இப்ப. இங்க. டாக்டர் விரல் வச்ச எடம்."

அன்று அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எழுந்த சிரிப்பில் ராஜனின் சிரிப்பும் இருந்தது. திருநீற்றைப் பூசும்போது அவர் கை நிறைய அள்ளியதில், அது கமலாவின் மூக்கெல்லாம் கொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கேஸிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், புதியவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பாரத்தில் எழுதியிருக்கும் உறுப்பை ஸ்கேன் செய்யுங்கள். செய்துகொண்டே, "வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். கழுத்துத் துளைக்கு மட்டுமல்ல, எதற்கும். பல பேர் ஒன்றுமில்லை என்பார்கள். சிலர் ஒரு பெரிய கதையைச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். குணாவின் வீட்டார் பரம்பரையாக எல்லாக் கழுத்தையும் பார்த்து, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று மறக்காமல் வைத்திருந்ததால்தான் எங்களால் அந்தக் குடும்ப மரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட முடிந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுதியாகவில்லை. அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் பாக்கியம் அத்தை சொன்னது அது. முதல் திருநீறு கொடுக்கும் வழக்கத்தை ஆரம்பித்தவர் அவருடைய தாத்தாவாம். முத்திரை உள்ளவர்கள் சாமிக்கு உசத்தி என்பதற்காக அவர் அதைச் செய்யவில்லையாம். "அவங்கள்லாம் மொகம் வீங்கி சீக்கிரம் போயிடுவாங்கன்னு தாத்தா கண்டு வச்சிருந்தாரு. போற புள்ளைங்க, மொதல்ல அவங்களுக்குக் குடுங்கன்னு சொன்னாராம். எங்கண்ணனும் மொகம் வீங்கித்தான் போனான். பின்னாடி வந்தவங்க அத உசத்தின்னு ஆக்கிட்டாங்க" என்றார். சிறுநீரகம் கெட்டால் முகம் வீங்கும்.

ராஜனிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லை என்றார். வேறு பெரியவர்கள் இருவரைக் கேட்டேன். ஒருவர் அத்தைக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்றார். மற்றவர் தலையை மட்டும் ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. அந்தத் தாத்தாவின் காலத்தில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று சொல்லும் பத்திரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பாக்கியம் அத்தை சொன்னது உண்மையா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.